ஃபூஜி ஏறாமலே மலையம்மனைக் கும்பிடலாம்

முழங்கால் வலி உள்ள அம்மாவை ஜப்பானின் ஃபூஜி மலை உச்சிக்கோயிலுக்கு எப்படிக் கூட்டிப்போவது என்று கேட்டிருக்கிறீர்கள். எதற்கு அந்த வீம்பு? ஃபூஜி மலையின் அம்மனான கொனோஹனசகுயா ஹிமேயின் தலைமைக் கோயிலே அடிவாரத்தில்தான் இருக்கிறது: ஃபூஜினோமியா ஊரில், ஃபூஜிசான் ஹொங்கு செங்கென் தைஷா. டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் என்கிற புல்லட் ரயிலில் மிஷிமா, அப்புறம் சாதா ரயிலில் ஃபூஜி ஸ்டேஷன், அங்கே மினோபு லைன் மாறினால் ஃபூஜினோமியா. ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடைதான். ஷின்கான்செனிலேயே ஷின்-ஃபூஜி வரை போய் இறங்கிவிடாதீர்கள், ஃபூஜி ஸ்டேஷன் வேறு இடத்தில் இருக்கிறது, அம்மாவை வைத்துக்கொண்டு பஸ் தேட வேண்டிவரும்.

நம் கோயில் மாதிரி அம்மன் முகத்தைத் தேடினால் கிடைக்காது, மூர்த்தி கண்ணில் படாது. கை, வாய் கழுவிவிட்டு, காசு போட்டு, இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, வேண்டிக்கொண்டு மறுபடி ஒருமுறை குனிய வேண்டும், அவ்வளவுதான். இப்போதுள்ள கட்டடம் அப்போது ஜப்பானை ஆண்ட தொகுகவா இயெயசு 1604-ல் எழுப்பியது, கூரைக்கு மேல் இன்னொரு சன்னதி உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டடுக்கை அண்ணாந்து பாருங்கள்.

பக்கத்திலேயே வகுதமா குளம். ஃபூஜியின் பனி உருகி, பாறைக்குள் இறங்கி ஊற்றாக வருகிற தண்ணீர். அடியில் பாசி அசைவதுகூடத் தெரியும். அந்தக் காலத்தில் மலையேறுகிறவர்கள் இதில் குளித்துவிட்டுத்தான் கிளம்புவார்களாம். அம்மாவைக் கரையில் கொஞ்சம் உட்காரவையுங்கள்.