வாசகர் கேள்வி பதில்: சிம்மை ரத்து செய்த பிறகும் பில் வருகிறதா?

கேள்வி: மகன் சவூதிக்கு வேலைக்குப் போனதும், என் பெயரில் அவனுக்கு எடுத்துக் கொடுத்த போஸ்ட்பெய்டு இணைப்பை ரத்து செய்யும்படி ஷோரூமில் எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதமாகியும் பில் வருகிறது. டெபாசிட்டும் திரும்ப வரவில்லை. பணம் கட்டாவிட்டால் வக்கீல் நோட்டீஸ் என்று போனில் மிரட்டுகிறார்கள். என்ன செய்வது?
- வாசகி, மார்த்தாண்டம்

பதில்: பயந்துபோய் முழுத் தொகையையும் கட்டிவிடாதீர்கள் அம்மா. ரத்து கேட்டு எழுதிக் கொடுத்தால் 7 வேலை நாளுக்குள் இணைப்பை மூட வேண்டும், மூடிய பின் 45 நாளுக்குள் டெபாசிட்டைத் திருப்பித் தர வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. முன்பு இது 60 நாளாக இருந்தது, 2024 அக்டோபரில் வந்த புதிய விதியில்தான் குறைத்தார்கள். மூடும் நாள் வரைக்குமான வாடகை நியாயமான பாக்கி, அதைக் கட்டிவிடுங்கள். அதற்கு மேல் வரும் ஒரு ரூபாய்க்கும் நீங்கள் பொறுப்பில்லை.

ஷோரூமில் கொடுத்த கடிதத்துக்கு ரசீதோ கோரிக்கை எண்ணோ வாங்கினீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே மறுபடி எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்குங்கள். அங்கே வாய்ச் சண்டை போடுவதில் பலன் இல்லை, கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு பில்லை ரத்து செய்யும் அதிகாரம் கிடையாது. அதே நிறுவனத்தின் சிம்மிலிருந்து 198-ஐ அழைத்துப் புகார் பதிந்தால் டாக்கெட் நம்பர் (புகார் எண்) தருவார்கள், அதுதான் உங்கள் ஆயுதம். பதில் சரியில்லை என்றால் 30 நாளுக்குள் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள், கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கே நேராக எழுதுகிறோம் என்று பலர் கிளம்புகிறார்கள், ஆனால் டிராய் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை.

அங்கேயும் நடக்கவில்லையா, நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். தொலைபேசி வழக்கு நுகர்வோர் மன்றத்தில் செல்லாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், செல்லும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொல்லிவிட்டது. பில்லின் அடியில் வேறு ஊர் நீதிமன்றம் என்று அச்சடித்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. உங்களுடையது போன்ற சிறிய தொகைக்கு ஆணையத்தில் கட்டணமே இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம்.

மிரட்டல் போன் வந்தால் "எழுத்தில் அனுப்புங்கள்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுங்கள். அப்புறம், வங்கியில் ஆட்டோபே போட்டிருந்தால் உடனே நிறுத்துங்கள், இல்லையென்றால் தகராறு ஒரு பக்கம் ஓட, பணம் மறுபக்கம் போய்க்கொண்டே இருக்கும். இன்னொன்றும் உண்டு, வெளிநாட்டுக்குப் பிள்ளையை அனுப்பிய எல்லா வீட்டிலும் இதைக் கவனிக்க வேண்டும். மூடிய எண்ணை 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். மகனின் வங்கிக் கணக்கும் ஆதாரும் அந்த எண்ணில் இருந்தால் ஓடிபி யார் கைக்கோ போகும், முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: பிரீபெய்டில் மீதி இருக்கும்போது வேறு நிறுவனத்துக்கு போர்ட் செய்தால் அந்தப் பணம் கிடைக்குமா?
- வாசகர், குளச்சல்

பதில்: கிடைக்காது, போர்ட் ஆனதும் பழைய மீதி காலாவதியாகிவிடும். ரீசார்ஜ் முடியும் வாரத்தில் 1900-க்கு செய்தி அனுப்பி, போர்ட் செய்வதற்கான குறியீடு வாங்குங்கள், அது நம் பக்கம் 4 நாள்தான் செல்லும்.