நாலரை மணிக் குயிலும் மற்ற சந்தேகங்களும்

பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கேள்விகள் குவிந்துவிட்டன.

கொசுவை ஒழி என்று அபராதம் போடுகிறார்கள். அப்புறம் அவர்களே எங்கள் புளோக்குக்கு வந்து டப்பா டப்பாவாகக் கொசுவைத் திறந்து விடுகிறார்கள். என்ன நியாயம் சார்? (கலா, ஈசூன்)

விடுவதெல்லாம் ஆண் கொசு. அது கடிக்காது, பூச்சாறு குடித்தே காலம் தள்ளும். முட்டைக்குப் புரதம் தேவைப்படுவதால் பெண்தான் நம்மிடம் வருகிறது. இந்த ஆண் கொசுக்களின் உடம்பில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா இருக்கிறது. இவற்றோடு சேரும், டெங்கி பரப்பும் பெண் ஏடிஸ் கொசு முட்டையிடும், ஆனால் அந்த முட்டை பொரிக்காது. சிங்கப்பூரின் தேசிய சுற்றுப்புற வாரியம் 2016இல் இதைத் தொடங்கியது. வோல்பாக்கியா ஆய்வகத்தில் செய்த கிருமியும் இல்லை. பட்டாம்பூச்சி, பழ ஈ என்று எத்தனையோ பூச்சிகளில் அது இயற்கையாகவே குடியிருக்கிறது.

அடுத்த முறை சுவரில் ஒன்று உட்கார்ந்தால் உற்றுப் பாருங்கள். உணர்கொம்பு இறகு மாதிரி புசுபுசுவென்று இருந்தால் ஆண். பெண்ணின் இறக்கை ரீங்காரத்தைக் கேட்க அதற்கு அதுதான் காது. அதற்காகப் பூச்சட்டித் தட்டில் தண்ணீரைத் தேங்க விட்டுவிடாதீர்கள்!

விடிகாலை நாலரைக்கே குயில் கத்துகிறது. பெண் குயிலுக்கு என்ன தொண்டை! (முரளி, தெம்பனிஸ்)

உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது ஆண். கன்னங்கரேல், சிவந்த கண். பெண் பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, 'கிக் கிக்' என்று கத்துவதோடு சரி. கவிஞர்கள் பெண் குரலை அதற்குக் கொடுத்துவிட்டார்கள், பாவம். முட்டையைக் காக்கைக் கூட்டில் வைத்துவிட்டுப் போவது மட்டும் பெண்ணின் வேலைதான்.

பீஷான் பூங்காவில் நீர்நாய்களைக் கொண்டுவந்து விட்டது யார்?

யாருமில்லை. ஆறு சுத்தமானது, மீன் வந்தது, அவையும் வந்தன.

பேத்தி பிறந்ததுமே காசநோய்க்கு பிசிஜி தடுப்பூசி போட்டார்கள். உயிருள்ள காசநோய்க் கிருமியையா பச்சைக் குழந்தைக்கு ஏற்றுவார்கள்? (சரோஜா, அங் மோ கியோ)

உயிருள்ளதுதான் அம்மா, ஆனால் மாட்டுக் காசநோய்க் கிருமியிலிருந்து வந்தது. கால்மெட், கெரான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் 1908இல் அதை மாட்டுப் பித்தநீரில் ஊறிய உருளைக்கிழங்குத் துண்டில் வளர்க்கத் தொடங்கினார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை புதுத் துண்டுக்கு மாற்றினார்கள். முதல் உலகப் போரில் அவர்கள் இருந்த ஊரையே ஜெர்மானியர்கள் பிடித்துக்கொண்டபோதும் நிறுத்தவில்லை. 13 ஆண்டுகள், 230 தடவை! உட்கார்ந்து தின்றே பழகிய கிருமி சில மரபணுக்களைத் தொலைத்து, நோய் உண்டாக்கும் வலுவை இழந்தது. 1921இல் முதல் குழந்தைக்குக் கொடுத்தபோது ஊசிகூட இல்லை, வாய்வழியாகத்தான்.

சிறு குழந்தைகளைக் காசநோய் மூளைக்காய்ச்சலிலிருந்து காப்பதில்தான் இதன் பெரிய பலன். சில வாரம் கழித்து ஊசி போட்ட இடத்தில் கொப்புளம் வந்தால் பயப்பட வேண்டாம், பிதுக்கவும் வேண்டாம். பிறவியிலேயே எதிர்ப்புச் சக்திக் குறைபாடுள்ள குழந்தைக்கு இது கூடாது. குடும்பத்தில் யாருக்காவது அப்படி இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

"அத்தி பூத்தாற்போல வந்திருக்கிறாயே" என்கிறார் பாட்டி. அத்தி பூக்கவே பூக்காதா? (தொடக்கநிலை 5 மாணவன்)

பூக்கும் தம்பி, உள்ளுக்குள்ளே. நாம் பழம் என்று பிட்டுத் தின்பது, பூக்களை உள்பக்கமாக வைத்து வாயைச் சுருக்கிய ஒரு பை. நுனியில் சின்னத் துளை. அதில் ஒரு குட்டிக் குளவி முண்டியடித்து நுழையும்போது இறக்கை பிய்ந்துபோகும். மகரந்தத்தைச் சேர்த்துவிட்டு உள்ளேயே செத்துவிடும். ஆலும் அரசும் இதே ஜாதி.

பாட்டி சைவம் என்றால் அடுத்து என்ன கேட்பார் என்று தெரியும். கடையில் கிடைப்பதில் பல ரகங்கள் குளவியே இல்லாமல் பழுப்பவை. மற்றவற்றில் பழத்தின் நொதியே குளவியைக் கரைத்துவிடும். பல்லில் நறநறவென்று படுவது விதைதான் என்று சொல்.