மீண்டும் சாக்ஸபோன் எடுப்பவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: கல்லூரி நாட்களில் வாசித்த ஆல்டோ சாக்ஸபோன் 18 வருடமாகப் பெட்டியில் கிடக்கிறது. மேல் ஸ்வரங்கள் வருகின்றன. கீழே இறங்க இறங்கக் கரகரக்கிறது. புதிதாக வாங்கிவிடவா சார்?

பதில்: அவசரப்படாதீர்கள். காற்று எங்கோ கசிகிறது. இருட்டறையில் குழலுக்குள் மெல்லிய எல்ஈடி பட்டையை விட்டு, சாவிகளை மெதுவாக மூடிப் பாருங்கள். அழுத்தி மூடினால் கசிவு தெரியாது. எந்தப் பேடின் (துளையை மூடும் தோல் திண்டு) விளிம்பில் ஒளி தெரிகிறதோ அதுதான் காரணம். பெரும்பாலும் அது ஜி-ஷார்ப் பேடாக இருக்கும். வலக்கை விரல்கள் எஃப், ஈ, டி சாவிகளை அழுத்தும்போது ஒரு சிறு கரம் இறங்கி ஜி-ஷார்ப்பையும் பிடித்து மூட வேண்டும். அந்தக் கரத்தின் திருகு தளர்ந்தால் பேட் மயிரிழை திறந்து நிற்கும். கீழ் ஸ்வரங்கள் அத்தனையும் கெடும். அதை இறுக்கும்போது ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருகாதீர்கள். அளவு மீறினால் ஜி-ஷார்ப் மூடிக்கொள்ளும், எஃப்-ஷார்ப் மூடாமல் நிற்கும்.

பேட் தோல் விறைத்து வெடித்திருந்தால் திருகால் பயனில்லை. ஆல்டோவில் உள்ள சுமார் 25 பேட்களையும் மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவை யமஹா ஒய்ஏஎஸ்-280 போன்ற மாணவர் ரகக் கருவியின் விலையோடு வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். பெயர் தெரியாத மலிவுக் கருவிக்கு அவ்வளவு செலவழிக்க வேண்டாம். அதன் சாவிகள் எளிதில் வளைபவை, சரிசெய்தாலும் நிற்காது.

கேள்வி: ஜாஸ் வாசிக்க ஆசை. உலோக மவுத்பீஸ் (வாயில் வைத்து ஊதும் முனை) வாங்கினால் ஒலி கணீரென்று வருமா?

பதில்: உலோகத்தால் அல்ல, உட்புற வடிவத்தால்தான் ஒலி மாறுகிறது. நுனிக்குப் பின்னால் உள்ள உட்தளம் உயர்ந்திருந்தால் ஒலி கூர்மையாகும். உள்ளறை பெரிதானால் கனக்கும். அதைவிட முக்கியம் டிப் ஓப்பனிங், அதாவது ரீட் (அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய தகடு) நுனிக்கும் மவுத்பீஸ் நுனிக்கும் உள்ள இடைவெளி. ஆல்டோவுக்கான யமஹா 4சி 1.60 மி.மீ., செல்மர் எஸ்80 சி-ஸ்டார் 1.70, மேயர் 5 சுமார் 1.80. இடைவெளி கூடக்கூட உதட்டுத் தசையும் மூச்சும் அதிகம் வேண்டும். பழக்கம் விட்டுப்போன வாய்க்கு முதல் மூன்று மாதம் 4சி போதும், அது கௌரவக் குறைவு இல்லை. பிறகு மேயர் 5-க்குப் போங்கள். 2 மி.மீ.-க்கு மேல் திறந்த உலோக மவுத்பீஸை முதல் வாரமே வாயில் வைப்பவர்கள் ரீடைக் கடிக்கப் பழகிவிடுகிறார்கள். அந்தப் பழக்கம் எளிதில் போகாது.

கேள்வி: அப்போது 3 நம்பர் ரீட் போட்டேன். அதையே வாங்கலாமா?

பதில்: வேண்டாம், 2 அல்லது 2½. நம்பர் கூடினால் ரீட் கெட்டி. ஆனால் அது எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றல்ல: வாண்டோரன் நீலப் பெட்டி 2½, ரிக்கோ ஆரஞ்சுப் பெட்டி 2½-ஐவிடக் கெட்டி. மூன்று நான்கு ரீடுகளை நாளுக்கொன்றாக மாற்றிப் போடுங்கள். வாசித்து முடித்ததும் கழற்றித் துடைத்துத் தட்டையான உறையில் வையுங்கள். கடலோர ஊர்களில் மவுத்பீஸோடு விட்டால் பூசணம் பிடிக்கும். வாரத்துக்கு இரண்டு நாள்தான் எடுப்பேன் என்பவருக்கு லெஜேர் செயற்கை ரீட் ஏற்றது. விலை அதிகம், ஆனால் நனைக்க வேண்டியதில்லை, காய்ந்து நெளிவதும் இல்லை.

கேள்வி: பழைய டெனர் (ஆல்டோவைவிடப் பெரிய சாக்ஸபோன்) ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: பளபளப்பைப் பார்க்காதீர்கள். லாக்கர் (மேல்பூச்சு) உதிர்ந்தால் ஒலி கெடாது. பெல்லில் (விரிந்த வாய்ப்பகுதி) உள்ள சிறு நசுங்கலும் பொருட்டல்ல. நெக்கை, அதாவது மவுத்பீஸ் பொருந்தும் வளைந்த குழலைப் பாருங்கள். அடிப்பக்கம் விரலால் தடவினால் தட்டையாகவோ சுருக்கமாகவோ இருந்தால் யாரோ அழுத்தி வளைத்திருக்கிறார்கள். திருகை இறுக்கிய பிறகும் நெக் ஆடினால் அங்கேயே காற்று போகும். சாவிக் கம்பிகளை ஒரு கண்ணால் நேர்பார்வை பாருங்கள். வளைந்திருந்தால் உடலும் வளைந்திருக்கும். மிகப் பழைய அமெரிக்கக் கருவி என்றால் வரிசை எண்ணுக்கு அருகில் எச் அல்லது எச்பி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அது இன்றைய ஏ = 440 ஹெர்ட்ஸ் சுருதிக்கு மேலான ஹை பிட்ச் கருவி. மவுத்பீஸை வெளியே இழுத்தாலும் சுருதி சேராது, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: கர்நாடக இசைக்கு ஆல்டோவா டெனரா? கட்டை (சுருதி அளவு) எப்படிப் பொருந்தும்?

பதில்: சாக்ஸபோனில் கர்நாடக இசை வாசித்துப் புகழ்பெற்ற கத்ரி கோபால்நாத் வாசித்தது ஆல்டோ; பலரும் அவர் வழியில்தான் போகிறார்கள். ஆல்டோவில் சி ஸ்வரத்துக்கான விரலடைப்பில் ஊதினால் ஒலிப்பது 2½ கட்டை. 1 கட்டைப் பாடகருக்கு ஸட்ஜம் ஏ விரலடைப்பில், 5 கட்டைக்கு ஈ விரலடைப்பில் விழும். டெனரிலும் சோப்ரானோவிலும் (ஆல்டோவைவிடச் சிறியது) சி என்பது 6½ கட்டை. கமகத்துக்கு உதட்டால் ஸ்வரத்தை வளைக்க வேண்டியிருப்பதால், சற்றே திறந்த மவுத்பீஸும் மென்மையான ரீடும் தோதாக இருக்கும்.

கேள்வி: டியூனரில் (சுருதி காட்டும் கருவி) என் சுருதி எப்போதும் மேலேயே நிற்கிறது. மவுத்பீஸ் கோளாறா?

பதில்: மவுத்பீஸைத் தனியே கழற்றி ஊதுங்கள். டியூனரில் ஆல்டோவுக்கு ஏ, டெனருக்கு ஜி காட்ட வேண்டும். அதற்கு மேலே போனால் கடிக்கிறீர்கள், தாடையைத் தளர்த்துங்கள். சரியாக வந்தால் மவுத்பீஸை நெக் கார்க்கில் சிறிது வெளியே இழுங்கள். கார்க் தேய்ந்து தளர்வாக இருந்தால் புதிது ஒட்ட வேண்டும். டெஃப்லான் டேப் சுற்றுவது ஒரு நிகழ்ச்சிக்குத் தாங்கும், அவ்வளவுதான்.

கேள்வி: வயது 55, கழுத்து வலி. டெனர் தாங்குமா?

பதில்: ஆல்டோ சுமார் 2½ கிலோ, டெனர் 3 கிலோவுக்கு மேல். கழுத்துப் பட்டையை விட்டு இரு தோள்களிலும் மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள், உட்கார்ந்து வாசியுங்கள். அப்போதும் வலித்தால் ஆல்டோவே எடுங்கள்.