பிஸ்மார்க் கிட்டிலிருந்து எச்-39: வெட்டி நீட்டினால் போதுமா?

ஜெர்மன் போர்க்கப்பலான பிஸ்மார்க்கின் 1/700 அளவு பிளாஸ்டிக் மாதிரிக் கிட்டை நடுவில் அறுத்து, ஜெர்மனியின் 'இசட் திட்ட' (போருக்கு முந்தைய கடற்படை விரிவாக்கத் திட்டம்) எச்-39 போர்க்கப்பல் ஆக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகும், ஆனால் நீளம் மட்டும் பிரச்சினையில்லை.

எச்-39 நீளம் 277.8 மீட்டர், 1/700 அளவில் 397 மி.மீ. பிஸ்மார்க் 251 மீட்டர், அதாவது 358.6 மி.மீ. 38 மி.மீ. துண்டு நடுவில் நுழையும். அகலமும் சுமார் 1 மீட்டர் கூடுதல். பக்கத்துக்கு 0.7 மி.மீ. பிளாஸ்டிக் தகடு ஒட்டி, முனையிலும் பின்புறமும் தேய்த்து இழையுங்கள். இதை விட்டால் கப்பல் பென்சில் போலத் தெரியும்.

பலர் தவறுவது புகைபோக்கியில்தான். எச்-39 முழு டீசல் கப்பல், புகைபோக்கி இரண்டு. கிட்டில் ஒன்றுதான் வரும்.

பீரங்கி 38 செ.மீ. அல்ல, 40.6 செ.மீ. பீரங்கிக் குழலை 2 மி.மீ. நீட்ட வேண்டும்.

முழுக் கப்பலின் படம் தேடாதீர்கள். 1939 ஜூலையில் ஹாம்பர்க்கில் அடித்தளம் போட்டு, போர் தொடங்கியதும் நிறுத்திவிட்டார்கள். குழலுக்கு மட்டும் நார்வேயின் டுரொன்டெனெஸில் உள்ள, அதே வகை 40.6 செ.மீ. கரையோர பீரங்கியின் படங்கள் உதவும். அங்குள்ள கூண்டு ஒற்றைக் குழலுக்கானது, அதைப் பார்த்து கப்பலின் இரட்டைக் குழல் கோபுரத்தைச் செய்துவிடாதீர்கள்.