வீடியோவில் பாடம் படித்தது யார்?

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஒரு வருடமாகப் பாடங்களை நானே வீடியோவாக்கித் திரையில் போடுகிறேன். எடிட்டிங்கை மட்டும் பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் ராத்திரி உட்கார்ந்து முடித்துத் தருவாள். பிள்ளைகள் சத்தமில்லாமல் பார்க்கிறார்கள், ஆனால் மறுநாள் கேட்டால் பதில் வருவதில்லை. இன்னும் புதுமையாக என்ன செய்யலாம்?
- ஓர் ஆசிரியை, சிவகங்கை மாவட்டம்

பதில்: கொரோனாவுக்குப் பிறகு இந்தக் கடிதம் எனக்கு எத்தனையோ முறை வந்துவிட்டது, சகோதரி. உங்கள் உழைப்பைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. போகிற போக்கில் மகளைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

பத்தாம் வகுப்புப் பிள்ளை ராத்திரி கண்விழித்து உங்கள் வேலையைச் செய்கிறாள். சம்பளம் உங்களுக்கு, தூக்கம் கெடுவது அவளுக்கு. பிள்ளை அம்மாவுக்கு ஒத்தாசை செய்வது நல்லதுதான், நானும் அப்படி வளர்ந்தவள்தான். ஆனால் பாத்திரம் கழுவித் தருவது வேறு, பொதுத்தேர்வு வருடத்தில் தினமும் உங்கள் பள்ளிக்கூடத்தைச் சுமப்பது வேறு. இது தப்பு, இன்றே நிறுத்துங்கள்.

அப்புறம், ஒன்றை யோசித்தீர்களா? எதை வெட்டுவது, எது முதலில் வரவேண்டும், எந்தப் படம் எங்கே என்று மண்டையை உடைத்துக்கொண்டது உங்கள் மகள். அதனால் உங்கள் ஏழாம் வகுப்புப் பாடங்களை அவள் இன்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். வகுப்புப் பிள்ளைகள் அவள் முடித்துவைத்ததை வேடிக்கை பார்த்தார்கள். சத்தமில்லாமல் இருந்தார்கள் என்று பெருமையாக எழுதுகிறீர்கள், எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது. பார்க்க வீடியோ வேண்டுமென்றால் 2018-லிருந்து வந்த புதிய பாடநூல்களிலேயே க்யூஆர் கோடு இருக்கிறது, 2019-லிருந்து கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. இன்னொன்று எதற்கு?

போனைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். உடைத்துவிடுவார்கள் என்று பயமா? பழைய போன் ஒன்று போதும், ஐந்து ஐந்து பேராக முறைவைத்துக் கொடுங்கள். ஊசலையே எடுத்துக்கொள்ளுங்களேன். கயிற்றில் ஒரு கல், முடிச்சிலிருந்து கல்லின் நடு வரை ஒரு மீட்டர். போனில் ஸ்டாப்வாட்ச்சைப் போட்டுப் பத்து முறை போய்வர எவ்வளவு நேரம் என்று பார்க்கச் சொல்லுங்கள், இருபது விநாடி ஒட்டி வரும். கயிற்றைக் கால் மீட்டராக்கினால் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள், ஐந்து என்று கத்துவார்கள். அளந்து பார்த்தால் பத்து வரும். அப்போது வகுப்பில் கிளம்பும் சண்டை இருக்கிறதே, அதை எந்த வீடியோவும் தராது. கல்லை மாற்றுங்கள், கனமான கல்லுக்கு நேரம் மாறும் என்று பாதிப்பேர் சத்தியம் செய்வார்கள், மாறாது. பிறகு அதையே ஸ்லோ மோஷனில் பிடித்து, கல் எங்கே வேகமாகப் போகிறது, எங்கே நின்று திரும்புகிறது என்று அவர்களே சொல்லட்டும்.

மறுநாள் பதில் வருவதில்லை என்கிறீர்களே, அதற்கு வாய்ஸ் ரெக்கார்டர் போதும். நேற்று என்ன பார்த்தோம் என்று ஒரு நிமிடம், அவரவர் பேச்சுத் தமிழிலேயே. தன் குரலைத் தானே கேட்ட பிள்ளை, "டீச்சர், தப்பாச் சொல்லிட்டேன், இன்னொரு தரம்" என்று வந்து நிற்கும். வகுப்பில் எழுந்து பேசக் கூச்சப்படும் பிள்ளைகூட மூலையில் போனோடு நின்று பேசிவிடும். அந்தப் பதிவுகளைச் சாயங்காலம் நீங்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும், அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் அது உங்கள் வேலை.

இன்று ராத்திரி மகளிடமிருந்து போனை வாங்கிக்கொண்டு, சாப்பாடு போட்டு, நேரத்தோடு தூங்க அனுப்புங்கள். எடிட்டிங் தெரிந்தே ஆகவேண்டும் என்றால் அவள் பரீட்சை முடிந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து அவளிடமே கற்றுக்கொள்ளுங்கள்.