விமானி அறையில் வேலைப்பளுவை எப்படி அளக்கிறார்கள்?

புது விமானத்துக்கு இரண்டு விமானிகள் போதும் என்று எப்படி முடிவெடுக்கிறார்கள் என நோர்வூட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

சிமுலேட்டரில் விமானிகளை உட்கார வைத்து, தரையிறங்கும் நேரம் பார்த்து ஒரு இன்ஜினை நிறுத்துவார்கள். கூடவே வானொலியில் பாதையை மாற்றச் சொல்வார்கள். கண் எந்தக் கருவியில் நிற்கிறது, எந்த அழைப்புக்குப் பதில் தாமதமாகிறது என்பதெல்லாம் பதிவாகும். அப்புறம் நாசா டிஎல்எக்ஸ் படிவம், அதாவது பட்ட சிரமத்துக்கு விமானியே மதிப்பெண் போடும் தாள்: மனச்சுமை, உடலுழைப்பு, நேர நெருக்கடி, செயல்திறன், முயற்சி, எரிச்சல் என ஆறு அளவுகோல்கள். படிவத்தை மட்டும் நம்பக்கூடாது என்பேன். பழகிய விமானி சிரமத்தைக் குறைத்தே சொல்வார்.

இலங்கை மலையகத்தில், நம் ஏழு கன்னியர் மலையில் 1974 டிசம்பர் 4 இரவு டிசி-8 விமானம் மோதி 191 பேர் இறந்தார்கள். தாங்கள் இருந்த இடத்தை விமானிகள் தவறாகக் கணித்திருந்தார்கள். இன்றைய திரைகளில் மலை உயரம் நிறமாகவே தெரியும். அந்த மனக்கணக்குச் சுமை பெருமளவு குறைந்திருக்கிறது.