சைக்கிள் சீற்றும் சொல்ல வெட்கப்பட்ட நோவும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் நான் குடும்பநல உத்தியோகத்தராக சைக்கிளில் ஊர் ஊராய்ப் போன காலத்தைப் பற்றிப் பேச்சோடு பேச்சாக எழுதியிருந்தேன். அதில் "இரண்டு வருஷம் சீற் நோவோடுதான் ஓடினேன்" என்று ஒரே ஒரு வரி வந்தது. மிச்சம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த வரியைப் பிடித்துக்கொண்டு கடிதம் போட்டிருக்கிறீர்கள், அதுவும் முக்கால்வாசிப் பேர் பெயர் போடாமல். சரி, இந்தமுறை முழுக்க அதுதான்.

மிஸ், நான் உப்புவெளிப் பக்கம், ஆசிரியை, வயது 34. 2022 இல் பெட்ரோல் வரிசையில் நிற்க ஏலாமல் தம்பியின் கியர் சைக்கிளை எடுத்தேன், பிறகு அதுவே பழகிவிட்டது. பள்ளிக்கூடம் 6 கிலோமீற்றர். பாதி வழியிலேயே முன்பக்கம் விறைத்துப்போகிறது. மெத்தென்ற ஜெல் உறை வாங்கிப் போட்டேன், இன்னும் மோசம். நான் கொஞ்சம் குண்டு, அதனாலா?

குண்டு, ஒல்லி எல்லாம் பிறகு தங்கச்சி. முதலில் எலும்பு. ஒரு வாங்கில் உள்ளங்கையைக் கீழே வைத்து அதன்மேல் இருந்து பாருங்கள், இரண்டு பக்கமும் விரல் மொழி மாதிரி இரண்டு எலும்பு முட்டும். உடம்பின் பாரம் அந்த இரண்டிலும்தான் நிற்க வேண்டும். பெண்களுக்குப் பொதுவாக இடுப்பெலும்பு அகலம், அதனால் அந்த இரண்டு முனைக்கும் நடுவில் உள்ள தூரமும் ஆண்களைவிடச் சற்றுக் கூட. உங்கள் தம்பியின் ஒடுங்கின சீற்றில் நீங்கள் ஏறினால் எலும்பு இரண்டும் ஓரத்துக்கு வெளியே போய்விடும், பாரம் முழுக்க நடுவில் உள்ள மென்மையான சதையிலும் நரம்பிலும் இரத்தக் குழாயிலும் இறங்கும். விறைப்பு அதுதான். விறைத்துப்போவதை "பழகிவிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நரம்பு நசிகிறது என்பதற்கு உடம்பு சொல்லும் சேதி அது.

ஜெல் உறை ஏன் மோசமாக்கியது? மெத்தையில் முழங்காலைக் குற்றிப் பாருங்கள், குற்றிய இடம் தாழ, பக்கத்தில் மெத்தை மேலே எழும்பும். அதேபோல உங்கள் எலும்பு ஜெல்லுக்குள் தாழ, நடுவில் ஜெல் எழும்பி எங்கே படக் கூடாதோ அங்கேயே அழுத்துகிறது. ஆகவே மெத்தென்றிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டாம், அகலம் பார்த்து வாங்குங்கள். ஓரளவு இறுக்கமான சீற்தான் எலும்பைத் தாங்கும். முதல் ஒரு கிழமை எலும்பு உள்ள இடத்தில் கொஞ்சம் உளையும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

அகலத்தை வீட்டிலேயே அளக்கலாம். பிஸ்கற் பெட்டி வரும் நெளிமட்டையில் ஒரு துண்டை வெட்டி சீமெந்துப் படியில் போட்டு, மெல்லிய உடுப்போடு அதன்மேல் இருங்கள். சைக்கிளில் எவ்வளவு குனிவீர்களோ அவ்வளவு குனிந்து, குதிக்காலைக் கொஞ்சம் தூக்கி, அரை நிமிஷம் பாரத்தை இறக்குங்கள். எழும்பிப் பார்த்தால் மட்டையில் இரண்டு பள்ளம். தெரியாவிட்டால் விரலால் தடவுங்கள், அல்லது சோக்குக்கட்டியைப் படுக்க வைத்துத் தேயுங்கள், பள்ளம் மட்டும் வெள்ளையாகாமல் நிற்கும். நடுவுக்கு நடு அளந்து, வரும் கணக்கோடு 2 அல்லது 3 சென்ரிமீற்றர் கூட்டினால் சீற்றின் பின்பக்கம் எவ்வளவு அகலம் வேண்டும் என்று கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். நிமிர்ந்து ஓடுகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட வேண்டும், குனிந்து ஓடுகிறவர்களுக்குக் குறைவு. அதற்காகக் கோயில் வாங்கு மாதிரி அகலமாய் எடுத்தால் தொடை உரசிப் புண்ணாகும், அதுவும் வேண்டாம்.

சீற் வாங்கக் காசு செலவழிக்க முன் இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள், காசே தேவைப்படாமல் போகலாம். ஒன்று மூக்கு, அதாவது சீற்றின் ஒடுங்கின முன்முனை. நான் இரண்டு வருஷம் பட்ட பாடு இதனால்தான். திருத்தக் கொடுத்த இடத்தில் ஒரு பெடியன், "மிஸ் முன்னுக்குச் சறுக்காமல் இருக்கட்டும்" என்று நல்லெண்ணத்தோடு சீற் மூக்கை மேலே தூக்கி இறுக்கிவிட்டான். நானும் ஊசிமருந்துப் பெட்டியைக் கரியரில் கட்டிக்கொண்டு சாம்பல்தீவு ஒழுங்கையெல்லாம் அந்த மூக்கின் மேல் ஓடினேன், பிறகு வேறு ஒருவர் பார்த்து 13 ஆம் நம்பர் ஸ்பனரால் ஒரு திருப்புத் திருப்பினார், அடுத்த நாளே வித்தியாசம் தெரிந்தது. சீற்றின் மேல் நேரான பலகை ஒன்றை நீட்டுக்கு வைத்து, முக்கால்வாசி தண்ணீர் உள்ள போத்தலை அதில் கிடத்திப் பாருங்கள். போத்தலின் நீட்டுக்குத் தண்ணீர் ஒரே அளவாக நிற்க வேண்டும், அல்லது சீற் மூக்கு ஒரு நூல் தாழ இருக்கலாம். நிறையத் தாழ்த்தினால் முன்னுக்குச் சறுக்கிச் சறுக்கி மணிக்கட்டும் தோளும் நோகும்.

மற்றது ஹாண்டில். கியர் சைக்கிளில் அது பெரும்பாலும் சீற்றைவிடத் தாழ இருக்கும், குனிந்தால் இடுப்பு முன்னுக்குச் சரிந்து பாரம் முன்பக்கம் போகும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 48 பெண் ஓட்டிகளைச் சோதித்தபோது, ஹாண்டில் சீற்றைவிடத் தாழ உள்ளவர்களுக்கு அந்த இடத்தில் அழுத்தம் கூடவும் உணர்வு குறைவாகவும் இருந்ததைக் கண்டார்கள். நீங்கள் பந்தயமா ஓடுகிறீர்கள்? ஹாண்டிலைச் சீற் மட்டத்துக்கு அல்லது அதற்கு மேல் ஏற்றிவிடுங்கள். பந்தயக்காரிகளும் இதே பாடுதான் பட்டார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு முன் பிரித்தானியப் பெண்கள் அணியில் சீற் புண் பெரிய தலையிடியாக இருந்தது, சீற் மூக்கை முன்பைவிடத் தாழ்த்த அனுமதித்து சர்வதேச விதியே மாறியது. நடுவில் பள்ளம் அல்லது வெட்டு உள்ள சீற் சிலருக்கு நல்ல சுகம். சிலருக்கு அந்த வெட்டின் விளிம்பே குத்தும், அதனால் முடிந்தால் யாருடையதையாவது இரவல் வாங்கி ஓடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மகளுக்கு 14 வயது. சைக்கிளில் ரியூஷனுக்குப் போகிறாள். பெரியபிள்ளையான பிறகு சைக்கிள் ஓடக் கூடாது, "அது" கெட்டுவிடும் என்று மாமியார் சொல்கிறார். உண்மையா?

இல்லை. எத்தனையோ பிரசவம் பார்த்தவள் சொல்கிறேன், கன்னிச்சவ்வு ஆளுக்கு ஆள் வேறு மாதிரி, அதைப் பார்த்து ஒரு பெண்ணைப் பற்றி எதையும் சொல்ல ஏலாது, வைத்தியராலும் ஏலாது. மாமியாருக்குத் தேநீர் ஊற்றிக்கொடுத்துவிட்டுப் பிள்ளையை அனுப்புங்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது சீற்றின் உயரத்தை. வளர்கிற பிள்ளை, போன வருஷம் வைத்த உயரம் இப்போது காணாது. பெடல் கீழே வரும்போது குதிக்காலை அதில் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடியும், அதுதான் சரி. தாழ்வாக இருந்தால் முழங்கால் நோகும். கூட உயர்ந்தால் மிதிக்க மிதிக்க இடுப்பு இரண்டு பக்கமும் ஆடி, உரசிக் காயம் வரும்.

தொடை இடுக்கில் அடிக்கடி சின்னச் சின்னக் கட்டி வருகிறது, சிலநேரம் சிறுநீர் எரிகிறது. சைக்கிளை விட்டுவிடவா? (மட்டிக்களி வாசகி)

இரண்டும் வேறு வேறு. கட்டி பெரும்பாலும் வேர்வை, உரசல், சவரம் மூன்றும் சேர்ந்து செய்கிற வேலை. நம்மூர் வெக்கையில், அதுவும் சித்திரை வைகாசியில், சொல்லவே வேண்டாம். மயிரை மழிக்காமல் கத்தரிக்கோலால் கட்டையாக வெட்டுங்கள், அது தோலுக்குக் காவல். உள்ளாடை பருத்தியில், நடுவில் தடித்த தையல் இல்லாததாய் இருக்கட்டும். மாதவிடாய் நாட்களில் நப்கின் ஓரம்தான் அறுக்கும், நீண்ட தூரம் ஓடுவதென்றால் மெல்லியதைப் போட்டு அடிக்கடி மாற்றுங்கள். போய்ச் சேர்ந்ததும் ஈர உடுப்போடு இருக்காதீர்கள். நிலாவெளியில் கடல் குளித்துவிட்டு அதே உப்பு உடுப்போடு சைக்கிளில் திரும்புகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

சிறுநீர் எரிவுக்குச் சைக்கிளை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். வேலை இடத்தில் ஒழுங்கான மலசலகூடம் இல்லையென்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல், வந்ததையும் அடக்கிக்கொண்டு இருக்கிற பெண்கள் எத்தனை பேர்! தண்ணீர் குடியுங்கள், அடக்காதீர்கள், ஓடி முடித்ததும் ஒருக்கா போய்விட்டு வாருங்கள். எரிவு இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால், காய்ச்சல், முதுகு நோ, சிறுநீரில் இரத்தம் கண்டால், அல்லது நீங்கள் கர்ப்பிணி, நீரிழிவுக்காரி என்றால் கை வைத்தியம் வேண்டாம், வைத்தியரிடம் போங்கள். இரண்டு கிழமையாகியும் ஆறாத புண்ணுக்கும் வீக்கத்துக்கும் அப்படியே. சைக்கிளை விட வேண்டாம், புண் ஆறும்வரை சில நாள் நிறுத்தினால் காணும்.

நானும் மனைவியும் ஒரே சைக்கிளைத்தான் பாவிக்கிறோம். ஒவ்வொருமுறையும் சீற்றை ஏற்றி இறக்க அலுப்பாயிருக்கிறது என்று என் உயரத்திலேயே விட்டுவிடுகிறேன். மனைவி முணுமுணுக்கிறார். (ஆண் வாசகர், பாலையூற்று)

முணுமுணுப்போடு விட்டாரே, நல்ல மனுஷி. சீற் தண்டை இறுக்கும் நட்டுக்குப் பதிலாகக் கையால் திருகும் பிடி ஒன்று சைக்கிள் கடையில் கேளுங்கள், ஸ்பனர் தேவையில்லை. தண்டில் இரண்டு கோடு போட்டுவையுங்கள், அவருடைய உயரம் ஒரு நிறத்தில், உங்களுடையது இன்னொரு நிறத்தில். நெயில் பொலிஷ் நன்றாய் நிற்கும். அதை அவரிடமே கேட்டு வாங்குங்கள்.